பல் டாக்டரும் என் படகும்

மகளைப் படகில் கூட்டிப் போகிறேன் என்று சொன்னது நான். கூடவே பல் டாக்டரும் வந்து இறங்குவார் என்று யார் கண்டது? என்னை விட்டுப் போனவள் போன வருஷம் கட்டிக்கொண்ட ஆள் அவர். "அங்கிளும் வந்தாத்தான் வருவேன்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாளாம். ஏழு வயசுப் பிள்ளையிடம் யார் பேசி ஜெயிப்பது? அவள் அம்மாவோடு மூன்று பேருமாகப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வணக்கம் சார்" என்று அவர் சிரித்தார். பல் டாக்டர், சிரிக்காமல் என்ன செய்வார்!

மகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டப் போனேன்.

"நீ விடுப்பா, அங்கிள் மாட்டிவிடட்டும்."

ஊர்ப்பட்ட ஜனத்துக்குத் தினமும் மாட்டிவிடுகிற கை என்னுடையது. அது சும்மா தொங்கியது. அவரோ பட்டையை முறுக்கிக்கொண்டு திணறினார், அதற்கும் அவள் கிளுகிளுவென்று சிரித்தாள். நான் போய் என்ஜினைக் கிளப்பினேன்.

ஆறு அன்றைக்கு அப்படி ஒரு தெளிவு. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. இரண்டு கரையிலும் மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. என்ஜினைக் குறைத்தே ஓட்டினேன், கரையில் நின்ற கொக்குகூடப் பறக்கவில்லை. இந்த அழகையெல்லாம் முன் பலகையில் உட்கார்ந்து அனுபவித்தது அவர்தான், என் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

"அது என்ன பறவை, சொல்லுங்க பாப்போம்?"

"தெரியலையே கண்ணு."

"மீன்கொத்தி! இதுகூடத் தெரியாதா?"

நான் சொல்லிக்கொடுத்தது. அதையும் அவருக்குத் தாரை வார்க்கிறாள்.

அவள் அம்மா எழுந்து பின்பக்கம் என்னருகே வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவரையும் அப்பான்னு கூப்பிடவான்னு கேக்குறா. உன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

வீடு போனது, மனைவி போனாள், மகளும் மாசத்தில் ஒரு நாள் என்று ஆனது. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மட்டும் என்று இருந்தது. அதிலும் பங்கா?

படகை வேகமாக ஓட்டிச் சட்டென்று என்ஜினைத் தணித்தால், படகு கிளப்பிய அலையே பின்னால் வந்து அதைத் தூக்கிவிடும். புதிதாய்ச் சுக்கான் பிடிப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம், மறந்தும் செய்யாதே என்று. அதைத்தான் வேண்டுமென்றே செய்தேன். பயந்தால் யாரிடம் ஓடி வருகிறாள் என்று இவர்களும் பார்க்கட்டுமே!

முடுக்கினேன். அடுத்த வளைவில் ஒரேயடியாகத் தணித்தேன். அலை வந்து பின்பக்கத்தைத் தூக்கியது, படகு பக்கவாட்டில் ஆடியது. "அறிவிருக்கா உனக்கு?" என்று அவள் அம்மா அலறினாள். டாக்டர் முகம் வெளுத்துப் பலகையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"அப்பா!"

என்னைத்தான் கூப்பிட்டாள். சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் வரவில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தாள்.

"மெதுவாப்பா! இவருக்கு நீச்சல் தெரியாது!"