செவ்வாய்க்குப் பெயர் கொடுத்தவர்

முத்துராமன் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது சுசீலா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுல உன் சைன் வேணும்."

"என்னது, இன்ஷூரன்ஸா?"

"இல்ல, செவ்வாய்க்குப் போறதுக்கு."

"செவ்வாய்க்கிழமை எங்க போறீங்க?"

"கிழமை இல்ல, சுசீ. கிரகம்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது. அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருபத்து நான்கு வருடம். வேலைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை செவ்வாய்க்கு ஒரே ஓர் ஆளை அனுப்பப் போகிறதாம். போவதற்கு மட்டும்தான் வாகனம், திரும்பி வர ஏற்பாடு கிடையாது. வயது தடையில்லை, இயந்திரம் தெரிந்தவராகவும் தனிமை பழகியவராகவும் இருந்தால் போதும். போன வருடமே பெயர் கொடுத்திருக்கிறார். இப்போது கடைசி நாற்பது பேரில் ஒருவர். கல்யாணமானவர்கள் துணையின் சம்மதத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சுசீலா கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியும் எழுதினாள்.

முத்துராமன் தாளை எடுத்துக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றார். அவள் மறுபடி பீன்ஸை எடுத்ததும் குளிக்கப் போனார்.

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சுவா சூ காங் வட்டாரத்தின் அந்த நாலறை வீட்டில் யாரும் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் மகள் ரோஷினி வேலைக்காக மெல்பர்ன் போனாள். அதன் பிறகு பேச்சு குறைந்துகொண்டே வந்து, விளக்கை அணைச்சாச்சா, நாளைக்கு லேட்டாகும், சோயா சாஸ் தீர்ந்துடுச்சு என்ற அளவில் நின்றுவிட்டது. எந்த மாதத்திலிருந்து என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

சுசீலா சிராங்கூன் ரோட்டில் ஒரு பல் மருத்துவமனையில் கவுன்டரில் வேலை பார்த்தாள். மறுநாள் அங்கே ருக்கையாவிடம் சொன்னாள். ருக்கையா டாக்டருக்கு உதவியாக இருப்பவள்; எதற்கும் வாய்விட்டுச் சிரிப்பவள், வாய்விட்டு அழுபவள்.

"அக்கா, சைன் பண்ணிட்டீங்களா? மனுஷன் திரும்பியே வரமாட்டாருலா!"

"கேட்டாரு, போட்டேன்."

"அழுகை வரலியா உங்களுக்கு?"

சுசீலா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். ஊசி போட்டு மரத்துப்போன உதட்டை நோயாளிகள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். உதடு இருப்பது விரலுக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. அதை ருக்கையாவிடம் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு வர வேண்டியவருக்குப் போன் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்துத் தேர்வுக் குழுவிலிருந்து ஒரு பெண்மணி காணொளியில் அழைத்தார். சுசீலா மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையில் நின்றபடி பேசினாள். நீங்கள் போவதால் யார் பாதிக்கப்படுவார்கள் என்ற கேள்விக்கு முத்துராமன் எழுதிய பதிலை அந்தப் பெண்மணி நிதானமான ஆங்கிலத்தில் வாசித்தார். மகள் சில மாதம் அழுவாள். மனைவி சமாளித்துக்கொள்வாள், நான் இருக்கும்போதே அப்படித்தான்.

"உங்களுக்கு மறுப்பு இருந்தால் இப்போதுகூடச் சொல்லலாம். பெயரை எடுத்துவிடுவோம். காரணத்தை அவரிடம் சொல்லமாட்டோம்."

"மறுப்பு இல்லை," என்றாள் சுசீலா.

ஞாயிற்றுக்கிழமை ரோஷினி அழைத்தாள். அப்பா அவளுக்குக் குறுஞ்செய்தியில்தான் சொல்லியிருந்தார்.

"அப்பாவுக்கு டிப்ரஷனாம்மா? நீங்க ஏன் ஸ்டாப் பண்ணல?"

"அவர் விருப்பம்மா அது."

"ஓகே. உங்க விருப்பம் என்ன?"

சுசீலா அடுப்பைப் பார்த்தாள். "அடுப்புல பால் இருக்கு. அப்புறம் பேசறேன்." அடுப்பில் எதுவும் இல்லை.

அடுத்தது தனிமைச் சோதனை. பூன் லேயில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் ஜன்னல் இல்லாத அறைகள் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஓர் அறை, பத்து நாள். முடியாதவர்கள் மணியை அழுத்தினால் கதவு திறக்கும், ஆனால் அத்தோடு சரி. முத்துராமன் சின்னப் பையோடு கிளம்பினார். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள் சுசீலா. அவர் தலையாட்டினார்.

நான்காம் நாள் மாலை அரிசி அளக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் போன அன்றைக்கே ஒரு ஆளுக்குத்தான் அரிசி போட்டிருக்கிறாள். ஒரு வேளைகூடக் கை தவறி இரண்டு பேருக்கு அளக்கவில்லை. இருபத்தைந்து வருடம் அளந்த கை.

துக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவசரத்துக்கென்று ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அழுத்தினாள். அங்கே யாரோ ஹலோ என்றதும் வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவருடைய காலணி கிடந்தது. முத்துராமன் சோபாவில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பத்து நாள்னு சொன்னீங்க."

"மணி அடிச்சிட்டேன்."

"உடம்புக்கு ஏதாவது...?"

"இல்ல. நல்லாதான் இருந்துச்சு." அவர் பையைக் கீழே வைத்தார். "மூணு பேர் மூணாம் நாளே அழுதுட்டு வெளிய போயிட்டாங்களாம். எனக்கு ஒண்ணுமே ஆகல. இன்னிக்குக் காலைல அங்க வேலை செய்யற பொண்ணு ஸ்பீக்கர்ல கேட்டுச்சு, எப்படி இருக்கு அங்கிள்னு. வீட்ல இருக்கற மாதிரியே இருக்கும்மான்னேன். சொன்ன அப்புறம்தான் என்ன சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல அங்க உக்கார முடியல."

சுசீலா கைப்பையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். அரிசி விஷயத்தைச் சொன்னாள். குழுவிலிருந்து அழைத்ததையும், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள் என்பதையும், தான் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள்.

அவர் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "நீ சைன் போடமாட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க கேட்டீங்க."

"ஆமா. கேட்டேன்."

யாரும் அழவில்லை. அவள் எழுந்து தோசை சுட்டாள். அவர் நான்கு சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் பெயர் நீக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. பத்து நாளுக்குப் போட்ட விடுப்பில் அவருக்கு இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது. சுசீலா கிளினிக்குக்குப் போன் செய்து, இன்றைக்கு வரமுடியாது என்றாள். உடம்பு சரியில்லையா என்று ருக்கையா கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள்.

வீட்டில் இருக்க இருவருக்கும் என்னவோ போல் இருந்ததால் கீழே இறங்கி நடந்தார்கள். இலகு ரயில் நிலையம் வந்தது, ஏறிக்கொண்டார்கள். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. கட்டடங்களை ஒட்டிப் போகும் இடங்களில் ரயிலின் கண்ணாடி தானாக வெளிறி, யார் வீடும் தெரியாமல் மறைத்தது. தாண்டியதும் மரங்கள் தெரிந்தன.

புக்கிட் பாஞ்சாங் நிலையம் தாண்டியதும் சுசீலா கேட்டாள். "உள்ள நாள் முழுக்க என்ன செஞ்சீங்க?"

முத்துராமன் திரும்பிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"காலைல எழுந்ததும் தண்ணிய அளந்து எழுதணும்," என்று ஆரம்பித்தார். "அப்புறம் ஒரு பம்பு கொடுப்பாங்க, கழட்டி மாட்டணும். அது ஈஸி. மத்தியானம்தான்..."

அவர் சொன்னதில் பாதி அவள் மனதில் நிற்கவில்லை. ஆனாலும் பம்பு எவ்வளவு பெரிது என்று நடுவில் ஒருமுறை கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.