கல்லு மாதிரி நிற்கும் பல்

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் பல் டாக்டரான என் தம்பியின் டார்ச் வெளிச்சம் என் கடைவாய்க்குள் பாய்ந்தது. பக்கத்தில் கைப்பையை மார்போடு இறுக்கியபடி ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். இன்று அவனிடம் வந்த ஒரே ஆள். ஊசி என்றதும் கிளம்பியவரை, வெளியே உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டித்தான் நிறுத்தியிருந்தான்.

"பாருங்கம்மா, என் கூடப்பொறந்த அண்ணன். படிச்சு முடிச்சதும் நான் அடைச்ச மொத பல்லு. ஏழெட்டு வருஷமாச்சு, கல்லு மாதிரி நிக்குது."

நிற்கத்தான் நிற்கிறது. அதற்கு அடியில் போன மழைக்காலத்தில் யாரோ சுத்தியலோடு குடிவந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடித்துப் பிழைக்கிறவன் நான், பொறுமைக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கமாகவே மென்று முகமே கோணிவிட்டது என்கிறாள் மனைவி. "இருந்த அழகும் போச்சு. தம்பிகிட்ட சொல்லித் தொலைங்களேன்."

திருட்டுப் பூனை மாதிரி வேறொரு டாக்டரிடம் போய்ப் பார்த்தேன். "யாருங்க இத அடைச்சது?" என்றார். ஞாபகமில்லை என்றேன். மறுநாளே பிடுங்கிவிடலாம் என்றார். அன்று சாயங்காலம் தம்பி காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, உங்க கடையில ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மறுநாள் நான் பிடுங்கப் போகவில்லை.

"தட்டியே காட்டறேன் பாருங்க." கம்பியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. உச்சந்தலைவரை இடி இறங்கியது. கால் கட்டைவிரல்கள் தாமாக மடங்கின. நல்லவேளை, ஷூ போட்டிருந்தேன்.

"வலிக்குதாண்ணா?"

"ம்ஹூம்."

"கண்ணு கலங்குதே, பாவம்," என்றார் அம்மாள்.

டார்ச்சைக் கை காட்டினேன். வெளிச்சத்தின்மேல் பழி. நடிப்பு சுமார்தான், ஆனாலும் அம்மாள் பெருமூச்சு விட்டு, கைப்பையைத் தரையில் வைத்தார். "சரி டாக்டர், ஊசியப் போடுங்க."

தம்பி திரும்பவில்லை. டார்ச்சை அணைக்கவுமில்லை. விரல் நுனியால் பல்லுக்குக் கீழே ஈறை மெல்லத் தடவினான். வீங்கிய இடத்தில் விரல் நின்றது.

"எத்தன நாளா?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வாய் நிறைய அவன் விரல்.

குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டான். என் மூச்சு பட்டு மங்கியது. எடுத்துத் துடைத்தான். மறுபடி விட்டான், மறுபடி மங்கியது. அந்த அம்மாள் காத்திருக்க, அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.