செவ்வாய்க்கிழமை நாடகத்து ஜோசப்

தொண்ணூற்றொன்றில் பென்னலூரில் அந்தத் தெருவுக்கே ஒரு டிவிதான், அது சாம்சன் வீட்டில். செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் அவன் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது.

அன்றைக்கு நாடகத்தில் ஜோசப் என்று ஒருத்தன் வந்தான். கழுத்தில் சிலுவை, கையில் பாட்டில். சாம்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் வந்த டேவிட்டும் குடிகாரன், அதற்கு முன்னால் வந்த பீட்டரும் குடிகாரன். இந்த நாடகக்காரன்களுக்குக் குடிக்காத கிறிஸ்தவன் ஒருத்தன்கூடக் கண்ணில் படமாட்டானா? சாம்சன் பண்டிகைக்குக்கூட ஒரு சொட்டு தொட்டதில்லை.

ஜோசப் தள்ளாடி விழுந்தான். கூடமே சிரித்தது. சிரித்தவர்கள் சாம்சன் பக்கம் திரும்பினார்கள், உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். அதுதான் அவனைச் சுட்டது. அணைத்துவிடலாம் என்று கை சுவிட்ச் வரை போனது. அணைத்தால் ரோஷம் வந்துவிட்டது என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எல்லோரும் போன பிறகும் பக்கத்து வீட்டுப் புருஷோத்தமன் மட்டும் நின்றான். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லத்தான் நிற்கிறான் போல. சாம்சனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது.

புருஷோத்தமன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து அவன் கையில் திணித்தான்.

"மாமனார் வந்துகீறாரு. என் வூட்ல பார்த்தா மானம் பூடும். உன் வூட்ல இருந்தா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."