கட்டிலுக்கு வந்த சுருக்கங்கள்

வெளுக்கும் பட்டறையில் துணியிலிருந்து நீங்கிய சுருக்கங்களெல்லாம் மேஸ்திரியின் வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தன. அவர் மனைவி இறந்த மறுவருஷம் அது தொடங்கியது. அதுவரை பட்டறையில் பருத்தித் துணி வெள்ளையாக வந்ததே தவிர, வழவழப்பாக வரவில்லை. கொதிக்கும் தொட்டியில் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கிடந்த துணிமேல் சட்டென்று பச்சைத்தண்ணீரை விட்டால் மடிப்பு அப்படியே படிந்து நின்றுவிடும், இஸ்திரிக்கும் மசியாது. சரக்கு திரும்பி வந்தது. பட்டறையை மூடிவிடலாமா என்று முதலாளி யோசித்தார். வீட்டுக்குப் போக அவசரமில்லாத மேஸ்திரி தொட்டியடியிலேயே கிடந்தார். துணியைக் குறைத்துப் போட்டார், துணி வழுக்கிப் புரள மருந்து சேர்த்தார், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். துணி பால் ஏடுபோல வந்தது.

அன்று மாலை வீட்டில், மனைவி படுக்கும் சுவர்ப்பக்கம் விரிப்பு கசங்கியிருந்தது. நீவிவிட்டார். மறுநாளும் கசங்கியிருந்தது. அதன்பின் அவர் நீவவில்லை, விளிம்போரமாக ஒடுங்கிப் படுத்துக்கொண்டார். பட்டறை ஓடாத வார விடுமுறையில் மட்டும் விரிப்பு கசங்காமல் கல்போலக் கிடக்கும். அந்த நாளைத்தான் அவரால் கழிக்க முடியவில்லை.

ஜன்னல் வழியாகக் கசங்கிய விரிப்பைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, கிழவனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்றாள். ஊர்வாய்க்கு மூடி ஏது? செய்தி எட்டி, வெளியூரிலிருந்து தங்கை வந்து நின்றாள்.

"யாருண்ணா வந்துட்டுப் போறது?"

"யாருமில்லம்மா. பட்டறைச் சுருக்கம்."

இந்த வயதில் பொய் வேறா என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு, கட்டிலெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மதியம், அங்கே தொட்டியில் சூடு இறங்கும் நேரம், விரிப்பில் ஒரு கோடு விழுந்தது. பிறகு தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால். கன்னத்தடியில் கை வைத்த இடம்கூட விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் வந்ததும், "அண்ணி இன்னும் ஒருக்களிச்சுத்தான் படுக்கிறாங்க," என்று மட்டும் சொன்னாள்.

"ஆமா. முதுகு வலி போகலபோல."

ஊருக்குக் கிளம்புமுன் அவள் அலமாரியிலிருந்து இன்னொரு தலையணையை எடுத்து, உறை மாற்றி, சுவர்ப்பக்கம் வைத்தாள். மறுநாள் மாலை அதன் நடுவில் தலை அழுந்திய குழி இருந்தது.