மாடிப்படிப் பக்கத்துத் தூண்

1.
இந்தக் கதை ஒரு கல்யாண மண்டபத்தின் விளம்பரப் புத்தகத்துக்காகப் பிறந்தது. மறைப்பானேன்? மாமல்லபுரம் கடற்கரையோரம் தன் குடும்பத்துப் பழைய பங்களாவை மண்டபமாக்கியிருக்கும் பக்தவத்சலம் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா காசிநாதனும் விட்லாக் என்ற வெள்ளைக்காரரும் விக்டோரியா ராணி காலத்தில் படாளம் பக்கம் கூட்டாக இரும்பு வார்ப்பு ஆலை நடத்தியவர்கள். பங்களாவின் மாடியைத் தாங்கும் ஆறு தூண்களும் அங்கே வார்த்தவை. கூட்டு ஏன் முறிந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தானே கதை எழுதுகிற எங்கள் பிழைப்பு.

2.
"1879ஆம் ஆண்டு ஐப்பசி மழையில்..."

(வேண்டாம். மழையில் ஆரம்பிக்கும் கதைகள் எனக்கே சலித்துவிட்டன.)

உருகிய இரும்பை அச்சில் ஊற்றும்போது காற்று சிக்கினால் வார்ப்பில் பொத்தல் விழும், பாரம் தாங்காது. உடைத்துவிட்டு மறுபடி வார்க்க வேண்டும். அல்லது மெழுகு, இரும்புத்தூள், கரி மூன்றையும் குழைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்துவிடலாம். பங்களாத் தூண் ஒன்றில் பொத்தல் விழுகிறது. காசிநாதன் "அடை" என்கிறார். விட்லாக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறுகிறார். கூட்டு முறிந்தது!

படித்துக் காட்டியதும் பக்தவத்சலத்தின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா மேடம், எங்க ஆளையே திருடனாக்கிட்டீங்க? துரைதான் அடைச்சான்னு மாத்துங்க."

மாற்றினேன். இப்போது காசிநாதன் வெளியேறுகிறார். [கோட்டு இல்லை, மேல்துண்டு.] *

* இரண்டு கதையிலும் பொத்தல் தூண் மட்டும் மாறவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3.
நேற்று மண்டபத்துக்குப் போனேன். வர்ணனைக்குக் கொஞ்சம் சரக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தூண்களைச் சாவியால் தட்டினேன். ஐந்து தூண்கள் கணீரென்றன. மாடிப்படிப் பக்கத்துத் தூண்

(இந்த வாக்கியத்தை எழுதி எழுதி அடித்தேன்.)

மாடிப்படிப் பக்கத்துத் தூண் சொத்தென்றது. கீறினேன். நகத்தில் கறுப்பாக, மெத்தென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்தேன். மெழுகு.  தூணில் மெழுகு என்பது நானாகக் கட்டிவிட்ட கதை.

ஞாயிற்றுக்கிழமை அதே மாடியில் பக்தவத்சலத்தின் மகள் விஷாகாவுக்கு வரவேற்பு. டான்ஸ் வேறு.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கதைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கதைதான் சார். ஆனா தூண்ல நிஜமாவே மெழுகு இருக்கு. வந்து பாருங்க."

"முதல்ல கொள்ளுத்தாத்தா அடைச்சாரு. அப்பால துரை அடைச்சான். இப்ப உங்க நகத்துல ஒட்டிகினு கீதா? எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து நின்னுகினு கீது மேடம். கல்யாண வூட்ல பேஜாரு பண்ணாதீங்க."

மணப்பெண் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இந்த சீனை புக்ல கண்டிப்பா வைங்க. செம்மயா கீது!"

யாரிடம் புகார் கொடுத்தாலும் பக்தவத்சலம் எடுத்துக் காட்டப்போவது நான் எழுதிக் கொடுத்த இரண்டு கதைகளையும்தான்.

4.
முடிவு (அ): விஷாகா தானே போய்த் தட்டிப் பார்க்கிறாள். (எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இல்லை. அவள் பார்லருக்குப் போய்விட்டாள்.)

முடிவு (ஆ): ஞாயிறு மாலை. மாடி நிறையக் கூட்டம். முதல் பாட்டு ஆரம்பித்து எல்லோரும் ஒன்றாகக் காலைத் தூக்கி

மாட்டேன். இதை எழுத மாட்டேன். எழுதியது ஒரு தடவை நிஜமாகிவிட்டது, பயமாக இருக்கிறது.

என் பேச்சு அங்கே எடுபடாது. உங்கள் பேச்சு எடுபடும், நீங்கள் கதை எழுதுகிறவர் இல்லை. கல்யாணப் பத்திரிகை உங்களுக்கும் வந்திருக்குமே? படியேறும்போது இடது கைப் பக்கம். வீட்டுச் சாவியால் ஒரு தட்டு தட்டுங்கள். கேட்டதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.