பூவாடைக்காரி கேட்டது

பம்பைக் கண்ணாயிரத்தின் மகளாகப் பிறக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நைனார்பாளையம் பக்கத்தில் யாராவது சொன்னால் சின்னப்பொண்ணுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்துவைத்தாளாம், மண்ணாங்கட்டி! கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையெல்லாம் அவர் கேசட்தான் அலறும். கல்வராயன் மலையிலிருந்துகூட ஆள் இறங்கிவந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப்போவார்கள். கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் தாலியோடு செத்துப்போனவளைப் பூவாடைக்காரியாகக் கிணற்றடியில் கூப்பிடுவார்களே, அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் குச்சி இடுப்பில் கட்டிய பம்பை மேளத்தில் விழுந்தால் எந்த வீட்டுச் செத்தவளும் யார் மேலாவது இறங்கிவிடுவாள். தன் வீட்டில் உயிரோடு இருந்தவளைத்தான் அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அவள் அம்மா இருசம்மாள் செத்தது, இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்தப் புரட்டாசியில். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. பஸ் கிடையாது. வயிற்றுவலியில் இருசம்மாள் சுருண்டு கிடந்த அன்று பார்த்து, மூங்கில்துறைப்பட்டுக் கோயில் திருவிழாவுக்குக் கண்ணாயிரத்தை ஏற்றிப்போக வேன் வந்து நின்றது. பம்பைக்காரர் வண்டி என்றால் மறியல் பையன்களே வயல் வழியாகப் போக விட்டுவிடுவார்கள். போகிற வழியில்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. அம்மாவை அங்கே இறக்கிவிட்டுப் போகச் சொல்லிச் சின்னப்பொண்ணு அவர் காலைப் பிடித்தாள்.

"சாமி காரியத்துக்குப் போவசொல்ல நோவாளிய ஏத்திக்கினு போறதா? வண்டில எடமும் இல்ல. வந்து பாத்துக்கலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குள் மழையில் வயல் சேறாகிவிட, அப்புறம் கிடைத்த மாட்டுவண்டி மரத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. மறியலில் இருந்த பையன்கள் நாலு பேர்தான் இருசம்மாளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. முன்பின் தெரியாத அந்தப் பையன்கள் அழுதார்கள். அப்பன்காரர் எல்லாம் முடிந்த பிறகு வந்தார், கழுத்தில் கோயில் மாலையோடு. அந்த மாலையைப் பார்த்தபோதே சின்னப்பொண்ணு முடிவு கட்டிவிட்டாள். இந்த ஆளை அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். அந்தப் பம்பையை இடுப்பிலிருந்து அவிழ்க்க வைக்க வேண்டும், அதுவும் ஊர் பார்க்க.

எப்படி என்று அவரேதான் சொல்லிக்கொடுத்திருந்தார். கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் தொழில் ரகசியமெல்லாம் வெளியே வரும். "சாமி வந்தவ கண்ணு எதயும் பாக்காது. சும்மா ஆடறவ கண்ணு ஆள பாக்கும். எனக்குத் தெரிஞ்சிபூடும். ஆனா காட்டிக் குடுக்க மாட்டேன். ஒருத்தி பொய்யின்னா, நான் கூப்புட்ட அத்தினியும் பொய்யின்னு ஊரு சொல்லும்" என்று சிரிப்பார். சிறுபிள்ளையிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

அண்ணன் தமிழரசனுக்கு வைகாசியில் கல்யாணம் குதிர்ந்தது. செத்த தாயைக் கூப்பிடாமல் பந்தக்கால் நட முடியாது. வேறு பம்பைக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பங்காளிகள். தன் பெண்டாட்டியை இன்னொருத்தன் கூப்பிடுவதா என்று கண்ணாயிரம் சிலிர்த்துக்கொண்டார். அன்றைக்குச் சின்னப்பொண்ணு அப்பனுக்கு நெய் ஊற்றிச் சோறு போட்டாள்.

கிணற்றடியில் பூச்சுற்றிய கலசமும் புதுப்புடவையும் வைத்துப் படைத்தார்கள். ஊரே கூடியிருந்தது. கண்ணாயிரம் அடித்தார், இருசம்மாளை வர்ணித்துப் பாடினார். ஒருத்தியும் ஆடவில்லை. குரல் கட்டிக்கொண்டது. இவருக்கே வரவில்லையே என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வியர்த்துக் கொட்டட்டும் என்று சின்னப்பொண்ணு ஆசைதீரப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள்.

கண்ணாயிரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊர் வீடுகளில் செய்து செய்து பழகிய கை, கேட்கப்போவது இன்னதென்று தெரிவதற்கு முன்பே எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணியது.

"கொற இன்னான்னு சொல்லு தாயி. நீ கேட்டத குடுக்கறேன்."

"வண்டில எனக்கு எடமில்லன்னு எத தூக்கிக்கினு போனியோ, அத அவுத்துக் கெணத்துல போடு. இனிமே உன் கையி அத தொடக் கூடாது. தொட்டா இந்தக் கல்யாணம் நெலைக்காது."

கண்ணாயிரம் வெடுக்கென்று நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார். அதற்காகத்தான் அவளும் காத்திருந்தாள். ஆட்டத்தை நிறுத்தாமல் கண்ணை மட்டும் நேராக அவர் கண்ணில் வைத்து, நன்றாகப் பார்க்கவிட்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறந்தது. சொல்லட்டுமே, பொய் என்று சொல்லட்டுமே!

சத்தியம் பண்ணியாயிற்று, அவிழ்த்துவிடுங்கள் என்று பங்காளிகள் நெருக்கினார்கள். பெண் வீட்டார் பயந்துபோய்க் கைகூப்பி நின்றார்கள். திறந்த வாய் மூடிக்கொண்டது. கண்ணாயிரம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார், முடிச்சு வராமல் தமிழரசன்தான் கை கொடுத்தான்.

பம்பை தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் சின்னப்பொண்ணு தரையில் சாய்ந்தாள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மெல்லக் கண்ணைத் திறந்து, சாமி இறங்கினவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"இன்னா நடந்துச்சு? அப்பா ஏன் அழுவறாரு?"