பேகம்பூர் ரோடு ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்த கதை

பேகம்பூர் ரோடு என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் உலகத்தில் எங்கும் கிடையாது. என் வீட்டு மாடி அறையில் மட்டும் உண்டு. நிஜ ஸ்டேஷனில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. அதைக் கட்டிய கொத்தன், ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், கக்கூஸ் காண்ட்ராக்டர் எல்லாம் நான் ஒருவனே. பெயர் இஷாக். கீழே தோல் கடை வைத்திருக்கிறேன். செருப்பு, பை தைப்பவர்கள் வந்து தோல் வாங்கிப் போவார்கள். 'பாய் ரயில் வச்சு விளையாடுறாரு' என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு அவனுக்குத் தோல் கிடையாது.

என் மனைவியின் தம்பி மீரானுக்கு மட்டும் இந்தத் தண்டனை பலிக்கவில்லை. அவனுக்குத் தோலே தேவையில்லை, பிரியாணிக் கடைக்காரன். தெருவில் நாலு பேர் நிற்கும்போதுதான் கேட்பான்.

"மச்சான், பழனி வண்டி வந்துருச்சா? எங்க பாப்பா ஏறணுங்குது."

நான்கு பேரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கட்டடம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. அட்டையும் பசையும் இருந்தால் எவனும் கட்டுவான். அதற்கு அழுக்குப் பிடிக்க வைப்பதுதான் வித்தை. பூட்டுப் பட்டறையில் இரும்பு அரத்தூள் வாங்கித் துருப்பிடிக்க வைத்து, தகரக் கூரையில் தடவினேன். டீ டிக்காஷனால் சுவரில் மழைக்கறை இறக்கினேன். வெற்றிலை எச்சில் கறைக்காக நிஜ ஸ்டேஷன் ஒன்றின் மூலையில் குத்தவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ரயில்வே போலீஸ்காரர் வந்துவிட்டார். "கறையப் பாக்குறேன் சார்" என்றேன். அவர் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார்.

என் மனைவி நர்கீஸுக்கோ அழுக்கு என்றாலே ஆகாது. "காசு குடுத்து அழுக்கு வாங்குற மனுசன் திண்டுக்கல்லுலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள். துடைப்பத்தோடு அவள் மாடிப்படி ஏறினாலே நான் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொள்வேன்.

கோயம்புத்தூரில் மாடல் ரயில்காரர்கள் கண்காட்சி நடத்துகிறார்கள். அதில் இடம் கேட்டுப் பல தடவை படம் அனுப்பினேன். கடைசியில் பதில் வந்தது. தமிழ்மதி என்கிற அம்மா, ரயில்வே இன்ஜினியர், நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வாராம். எனக்குப் பரிசு வேண்டாம், பதக்கம் வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவர் 'இது விளையாட்டில்லை' என்று மீரான் காதில் விழும்படி ஒரு தடவை சொன்னால் போதும்.

அந்த நேரம் பார்த்து ஆம்பூருக்குச் சரக்கெடுக்கப் போகவேண்டியதாயிற்று. நோன்பு நெருங்கிவிட்டதால் வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆம்பூரிலிருந்து போன் போட்டு, சும்மா இருக்காமல் கத்தினேன்.

"இன்ஜினியர் அம்மா வர்றாங்க. மாடியில ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது. எல்லாம் பளிச்சுனு இருக்கணும், ஆமா!"

'எல்லாம்' என்று சொன்ன வாயில் அரத்தூளைத்தான் அள்ளிப் போடவேண்டும்.

தமிழ்மதி வரும் அன்று காலையில்தான் ஊர் திரும்பினேன். மாடி ஏறினேன். என் ஸ்டேஷன் வெள்ளை வெளேரென்று நின்றது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. அடியில் காவிப் பட்டை. கைப்பிடிச் சுவருக்குக் காவி, சுண்ணாம்பு, காவி, சுண்ணாம்பு. குச்சியில் செய்த வேப்பமரங்களுக்கும் அரை உயரம் வரை அதே பட்டை. துருவைக் காணோம். வெற்றிலைக் கறையைக் காணவே காணோம்.

"யா அல்லாஹ்! என்னாடி பண்ணி வச்சிருக்க?"

"நீங்கதான பளிச்சுனு இருக்கணும்னீங்க?"

"ரூமச் சொன்னேன்டி!"

"வீட்டுக்கு அடிச்சாச்சு, இது மட்டும் அழுக்கா கெடந்தா? வர்றவங்க உங்களக் கேவலமா நெனச்சிரக் கூடாதுல்ல? ரெண்டு நாளா இடுப்பு ஒடிய உக்காந்து அடிச்சேன்."

"கெடுத்துட்டியே, குட்டிச்சுவராக்கிட்டியே" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அவள் கீழே இறங்கிப் போனாள். டிக்காஷன் போட்டுத் திரும்பக் கறையாக்கலாமா என்று நான் டம்ளரும் கையுமாக நின்றபோது வாசலில் கார் வந்து நின்றது. மீரானே வழிகாட்டி அந்த அம்மாவை மேலே கூட்டிக்கொண்டு வந்தான். வேடிக்கை பார்க்கத்தான்.

தமிழ்மதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். போச்சுடா என்று நினைத்தேன்.

"சார், இது ஜி.எம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள்தானே? பெரிய ஆபீசர் வர்றாருன்னா நாங்க மரத்தக்கூட விடாம அடிப்போம். எல்லாருமே துருவும் கறையும்தான் பண்றாங்க. இத யாருமே யோசிக்கல. எப்பிடி வந்துச்சு இந்த யோசனை?"

மீரான் வாயைப் பிளந்தான். எத்தனை வருஷம் காத்திருந்த வாய் அது! அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டது.

"ரொம்ப நாளா மனசுல இருந்த ஐடியா மேடம்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், டீத்தட்டோடு நிலைப்படியில் நர்கீஸ் நிற்கிறாள்.

"காவிப் பட்டை இம்புட்டு மெல்லிசா, பிசிறில்லாம வந்திருக்கே. எந்த பிரஷ் சார்?"

"அது... வந்து... வெளிநாட்டு பிரஷ்."

"எத்தனாம் நம்பர்?"

தையல் ஊசி நம்பர்தான் ஞாபகத்துக்கு வந்தது. நர்கீஸ் தட்டை மேஜையில் வைத்தாள்.

"பிரஷ் இல்ல மேடம். மருதாணி கோனு. காவியக் கொழச்சு அதுல ஊத்தி, கைக்கு வைக்கிற மாதிரியே வச்சேன். உதிராம நிக்கணும்னு சுண்ணாம்புல கஞ்சி சேத்திருக்கு. டீ ஆறிரும், குடிங்க."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் எனக்காக இடுப்பொடிய உட்கார்ந்தவளைக் காலையில் ஏசிவிட்டு, கார் வந்ததும் அவள் வேலையை என் பெயரில் எழுதப் பார்த்தேனே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவதான் மேடம் பண்ணா," என்றேன். "நான் காலையில வந்து கத்த மட்டுந்தான் செஞ்சேன்."

"அது தெருவுக்கே கேட்டுச்சு" என்றான் மீரான்.

பெருநாள் முடிந்ததும் கண்காட்சி. கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்தார்கள். அவளுடையதில் 'நர்கீஸ், பேகம்பூர் ரோடு ஸ்டேஷன்' என்று இருந்தது. என்னுடையதில் 'உடன் வந்தவர்'. மீரான் கடையை மூடிவிட்டு வந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாங்க, வாங்க, எங்க அக்கா கட்டுன ஸ்டேஷன். சும்மா விளையாட்டுன்னு நெனச்சிராதீங்க!"

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, கேட்க ஆசைப்பட்ட வாயிலிருந்தே வந்துவிட்டது. விலாசம்தான் கொஞ்சம் மாறிப்போனது.

வேனில் வந்த குலுக்கலில் பிளாட்பாரச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. நர்கீஸ் கோனைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்த இடத்தை அடைத்தாள். கூட்டம் சேர்ந்ததும் நான் கெத்தாக ரயிலைக் கிளப்பினேன்.

"ஏங்க," என்றாள் நிமிராமலே. "மெதுவா ஓட்டுங்க. இன்னும் காயல."

மெதுவாக ஓட்டினேன்.